‘போகலாமா?’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது?

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கி முடித்த கணவர் மனைவியைப் பார்த்து ‘போகலாமா?’ என்கிறார். வகுப்பறையில் ஒரு மாணவி கையை உயர்த்தி ஆசிரியரிடம் ‘போகலாமா?’ என்று அனுமதி கேட்கிறாள். பலதுறை மருந்தகத்தில் ஒரு தாய், காய்ச்சல் விட்ட மகனைக் காட்டி, ‘நாளை பள்ளிக்குப் போகலாமா?’ என்று மருத்துவரிடம் விசாரிக்கிறார். மூவர் வாயிலும் வருவது ஒரே சொல். யார் போவது, எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைச் சூழல் சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இந்த மூன்றும் மூன்று வாக்கியங்கள். கணவர் ‘ஷால் வீ கோ?’ என்பார். மாணவி ‘மே ஐ கோ?’ என்பாள். தாய் ‘கேன் ஹீ கோ?’ என்பார். போவது யார் என்பதை வீ, ஐ, ஹீ என்ற சொற்கள் காட்டுகின்றன. கேட்பது அழைப்பா, அனுமதியா, இயலுமா என்ற விசாரிப்பா என்பதை ஷால், மே, கேன் காட்டுகின்றன. இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொன்னால்தான் ஆங்கில வாக்கியம் நிறைவடையும்.

முதல் வகைச் சொற்களை நாம் மூவிடப் பெயர்கள் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். தன்மைக்கு ஐ, வீ, முன்னிலைக்கு யூ, படர்க்கைக்கு ஹீ, ஷீ, இட், தே. இரண்டாம் வகையை ஆங்கில இலக்கணம் மோடல் வெர்ப்ஸ் என்கிறது. கேன், குட், மே, மைட், ஷால், ஷுட், வில், வுட், மஸ்ட் என்ற ஒன்பதும் இதில் முதன்மையானவை. இவை தாமாக ஒரு செயலைக் குறிப்பதில்லை. இன்னொரு வினைக்கு முன்னே நின்று, அந்தச் செயல் இயலுமா, தகுமா, கட்டாயமா, வெறும் ஊகமா என்பதைச் சொல்லும் துணைவினைகள் இவை.

பாட நூல்களில் மூவிடப் பெயருக்கு ஓர் அட்டவணையும் துணைவினைக்கு வேறோர் அட்டவணையும் இருக்கும். தமிழ் பேசுபவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துணைவினையின் வடிவம் எந்தப் பெயரோடு சேர்ந்தாலும் மாறுவதில்லை. ஆனால் அதன் பொருள் பல இடங்களில் மாறிவிடுகிறது. வடிவத்தை ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம். பொருள் மாறும் இடங்களில்தான் நின்று நிதானிக்க வேண்டும்.

மாறாத வினை நமக்குப் புதிதல்ல

தமிழ் வினைக்கு வால் உண்டு. போவேன், போவாய், போவான், போவாள், போவார், போவோம் என்று ஆளுக்கு ஏற்ப அது மாறும். ஆங்கில வினையின் வால் மிகச் சிறியது. நிகழ்காலத்தில் ஹீ, ஷீ, இட் என்ற மூன்றோடு மட்டும் ஓர் ‘எஸ்’ ஒட்டிக்கொள்ளும்: ‘ஐ கோ’, ‘ஷீ கோஸ்’. துணைவினையில் அந்த எஸ்ஸும் இல்லை. ‘ஐ கேன்’, ‘யூ கேன்’, ‘ஹீ கேன்’, ‘தே கேன்’ என்று எல்லாருக்கும் ஒன்றே.

நாமும் இப்படிப் பேசுகிறவர்கள்தாம். நான் போகலாம், நீ போகலாம், அவள் போகலாம், அவர்கள் போகலாம் என்று சொல்லும்போது ‘போகலாம்’ அசைவதே இல்லை. வேண்டும், முடியும், கூடாது ஆகியவையும் அப்படியே. ‘வாழ்க’ என்ற வியங்கோள் வினை ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று படித்தது நினைவிருக்கும். ஆங்கிலத் துணைவினையையும் அதே வரிசையில் வைத்துப் பார்த்தால் பாதிப் பயம் தீர்ந்துவிடும்.

எஸ் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. கேன், மே, ஷால் ஆகியவை மிகப் பழைய காலத்தில் இறந்தகால வடிவங்களாக இருந்து, பிறகு நிகழ்காலப் பொருளைப் பெற்றவை. ஆங்கில இறந்தகாலத்தில் எஸ் வராது. ‘ஹீ கேம்’ என்கிறோம், ‘ஹீ வென்ட்’ என்கிறோம். பொருள் மாறிய பின்னும் இவை பழைய வடிவத்தை விடவில்லை. ‘வில்’ வேறு வழியில் வந்து இவற்றோடு சேர்ந்துகொண்டது.

துணைவினையை அடுத்து வரும் முதன்மை வினையும் மாறக்கூடாது. ‘ஷீ கேன் ஸ்பீக்’ சரி. ‘ஷீ கேன் ஸ்பீக்ஸ்’ தவறு. ‘ஹீ மஸ்ட் பி டயர்ட்’ என்பதில் பி வரும், இஸ் வராது. ‘ஷீ மஸ்ட் ஹாவ் லெஃப்ட்’ என்பதில் ஷீ இருப்பதைப் பார்த்ததும் நாக்கு ‘ஹாஸ்’ என்று ஓடும். ஹாவ்தான் சரி. நன்றாக எழுதுகிறவர்களிடம்கூட இந்தப் பிழை தங்கிவிடுகிறது. ஏனென்றால் ‘ஷீ ஹாஸ்’ என்பது பள்ளியிலேயே மனத்தில் பதிந்த ஜோடி.

நடுவில் ‘டு’ வராது. ‘போக’ என்றால் ‘டு கோ’ என்று படித்திருப்பதால் ‘போக வேண்டும்’ என்பதை ‘மஸ்ட் டு கோ’ ஆக்கிவிடுகிறோம். ‘ஐ மஸ்ட் கோ’ போதும். ‘கேன் ஏபிள் டு’ என்ற சேர்க்கையும் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ‘ஐ கேன் கம்’ என்று சொல்லலாம், ‘ஐ ஆம் ஏபிள் டு கம்’ என்று சொல்லலாம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்கக்கூடாது. அதே காரணத்தால் இரண்டு துணைவினைகளும் அடுத்தடுத்து வர முடியாது. ‘நாளை என்னால் வர முடியும்’ என்று எதிர்காலத்தைக் குறிக்க ‘வில் கேன்’ என்று சொல்ல வழியில்லை. ‘ஐ வில் பி ஏபிள் டு கம்’ என்றே சொல்ல வேண்டும்.

எனக்கு, என்னால், நான்: மூன்றுக்கும் ஐ

தமிழர்கள் தடுமாறும் உண்மையான இடம் இதுதான். இந்த மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்: எனக்கு நீந்தத் தெரியும். என்னால் நீந்த முடியும். நான் நீந்தலாம்.

முதலாவது கற்ற திறன். இரண்டாவது உடலின் ஆற்றல். மூன்றாவது அனுமதி; மருத்துவர் சரி என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் இந்த வேறுபாட்டை வினையில் மட்டுமல்லாமல் வேற்றுமை உருபிலும் காட்டுகிறது. தெரிதலுக்கு நான்காம் வேற்றுமை ‘எனக்கு’. முடிதலுக்கு மூன்றாம் வேற்றுமை ‘என்னால்’. அனுமதிக்கு எழுவாய் ‘நான்’. ஆங்கிலத்தில் மூன்றும் ‘ஐ கேன் ஸ்விம்’ என்றே வரும். மூவிடப் பெயர் எழுவாய் வடிவத்திலேயே நிற்கும்; மீ, ஹிம், ஹெர், அஸ், தெம் என்ற வடிவங்கள் துணைவினைக்கு எழுவாய் ஆகா.

பழைய ஆங்கிலத்தில் கேன் என்ற சொல்லின் மூலத்துக்கு ‘அறிதல்’ என்றே பொருள். ‘நீந்தத் தெரியும்’ என்று நாம் சொல்வதும் ‘ஐ கேன் ஸ்விம்’ என்று அவர்கள் சொல்வதும் ஒரே வழியில் பிறந்த எண்ணங்கள். இரு மொழிகளுக்கும் எந்த உறவும் இல்லாதபோது இப்படி ஓர் ஒற்றுமை இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

சரி, மீ, ஹிம் எல்லாம் எங்கே வரும்? முதன்மை வினைக்குப் பின்னால். ‘ஹீ கேன் ஹெல்ப் மீ’: அவரால் எனக்கு உதவ முடியும். ‘ஐ கேன் ஹெல்ப் ஹிம்’: என்னால் அவருக்கு உதவ முடியும். கேள்வியாக மாற்றும்போது துணைவினை முன்னே தாவும்: ‘கேன் ஹீ ஹெல்ப் மீ?’ இப்போது ஹீ என்பது கேன் என்ற சொல்லுக்குப் பின்னால் வந்துவிட்டது. இடம் மாறினாலும் அது எழுவாய்தான். அதனால் ‘கேன் ஹிம்’ என்று ஆகாது. கேள்வி கேட்க ‘டூ’, ‘டஸ்’ தேவையில்லை என்பதையும் இங்கேயே சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். ‘டூ யூ கேன்’ என்று ஒரு வடிவம் ஆங்கிலத்தில் கிடையாது.

இருவரைச் சேர்த்துச் சொல்லும்போது குழப்பம் வரும். ‘நானும் என் தங்கையும் வரலாமா?’ என்பதற்கு ‘கேன் மீ அண்ட் மை சிஸ்டர் கம்?’ என்று பேச்சில் கேட்கலாம். எழுத்தில் தங்கையை ஒரு நொடி எடுத்துவிட்டுப் பாருங்கள். ‘கேன் மீ கம்?’ பொருந்தவில்லை, ‘கேன் ஐ கம்?’ பொருந்துகிறது. ஆகவே ‘கேன் மை சிஸ்டர் அண்ட் ஐ கம்?’ என்று எழுதுங்கள்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘மழை பெய்யலாம்’ என்றால் தமிழில் மழையே எழுவாய். ஆங்கிலத்தில் ‘இட் மே ரெயின்’ என்று ஓர் இட் தேவை. அந்த இட் எதையும் சுட்டவில்லை. எழுவாய் இருக்கையை நிரப்ப மட்டும் வந்திருக்கிறது. தமிழில் நாம் பெயரை விட்டுப் பேசிப் பழகியதால் இந்த இட்டையும் விட்டுவிடுவோம். விடக்கூடாது.

நீயும் நீங்களும் ஒன்றானால் மரியாதை எங்கே?

தமிழில் ஒருவரிடம் பேசத் தொடங்கும் முன்பே நீயா, நீங்களா என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இரண்டு இருந்தன. நெருங்கியவர்களுக்கும் இளையவர்களுக்கும் ‘தௌ’, பலருக்கும் பெரியவர்களுக்கும் யூ. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் தௌ பொதுப் பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. இன்று பிரதமருக்கும் யூ, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் யூ.

ஆனால் மரியாதை மறையவில்லை. அது பெயரிலிருந்து இறங்கித் துணைவினையில் ஏறிக்கொண்டது. கதவை மூடச் சொல்வதை எடுத்துக்கொள்வோம். ‘க்ளோஸ் தி டோர்’ என்பது ‘கதவை மூடு’. ‘கேன் யூ க்ளோஸ் தி டோர்?’ என்பது நண்பரிடமும் சக ஊழியரிடமும் சொல்வது. ‘குட் யூ க்ளோஸ் தி டோர்?’ என்றால் ‘கதவை மூடுகிறீர்களா?’ என்ற பணிவு வந்துவிடுகிறது. ‘வுட் யூ மைண்ட் க்ளோஸிங் தி டோர்?’ இன்னும் தணிந்த குரல். கடைசி வடிவத்துக்குப் பதில் சொல்லும்போது மட்டும் கவனம் தேவை. ‘மூடுவதில் உங்களுக்குச் சங்கடம் உண்டா?’ என்று கேட்பதால், ‘நோ, நாட் அட் ஆல்’ என்றால்தான் சம்மதம்.

குட், வுட் என்பவை கேன், வில் ஆகியவற்றின் இறந்தகால வடிவங்கள் என்று பலர் மனப்பாடம் செய்திருப்பார்கள். அது பாதி உண்மை. ஒரு வேண்டுகோளை இறந்தகால வடிவத்தில் வைக்கும்போது அது சற்றுத் தொலைவில் நிற்கிறது. கேட்பவர் மறுக்கவும் இடம் இருக்கிறது. அந்த இடைவெளிதான் பணிவாகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல், பணிவு என்று நினைத்து எல்லா இடத்திலும் வுட் போடும் பழக்கம் சிங்கப்பூர் அலுவலக மின்னஞ்சல்களில் நிறையக் காணப்படுகிறது. ‘ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ’ என்று எழுதினால், ‘ஏதோ நிபந்தனை நிறைவேறினால் விடுப்பில் இருப்பேன்’ என்ற சாயல் வருகிறது. விடுப்பு உறுதியென்றால் ‘ஐ வில் பி ஆன் லீவ்’ என்றே எழுதுங்கள். பணிவு தேவைப்படுவது யூ இருக்கும் வேண்டுகோளில். ஐ இருக்கும் தகவலில் அல்ல. (குட் என்று ஒலித்தாலும் எழுதும்போது அதன் நடுவே ஓர் எல் இருக்கும். வுட், ஷுட் இரண்டிலும் இருந்த ‘எல்’ எழுத்தைப் பார்த்து, பின்னாளில் இதிலும் சேர்க்கப்பட்ட ஒலிக்காத எழுத்து அது.)

படர்க்கையிலும் மரியாதைச் சிக்கல் ஒன்று உண்டு. அம்மாவை ‘அவர்’, ‘அவர்கள்’ என்று சொல்லிப் பழகிய பிள்ளை ஆங்கிலத்தில் ‘தே’ என்று தொடங்கிவிடும். ‘அம்மா கோவிலுக்குப் போயிருப்பார்’ என்பதற்கு ‘ஷீ மஸ்ட் ஹாவ் கான் டு தி டெம்பிள்’ என்பதே சரி. ஷீ என்பதில் அவமரியாதை இல்லை. ‘அவர்’ ஆணா பெண்ணா என்று தெரியாத இடத்தில் ஒருவரையே ‘தே’ என்று குறிப்பது ஆங்கிலத்தில் இப்போது இயல்பான வழக்கம். அது வேறு கணக்கு.

நாமும் நாங்களும்

ஆங்கிலத்தில் வீ ஒன்றுதான். கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’, அவரை விட்டுச் சொல்லும் ‘நாங்கள்’ என்ற நுட்பமான பிரிவு அதில் இல்லை. மலாயிலும் நம்மைப் போலவே ‘கித்தா’, ‘காமி’ என்று இரண்டு சொற்கள் இருப்பதைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் அறிவார்கள்.

ஆனால் துணைவினையை வைத்து அந்தப் பிரிவைப் பெருமளவு மீட்டுவிட முடியும். ‘ஷால் வீ ஈட்?’ என்றால் ‘நாம் சாப்பிடலாமா?’ என்று அழைப்பு. ‘மே வீ ஈட்?’ என்றால் ‘நாங்கள் சாப்பிடலாமா?’ என்று அனுமதி. கேட்கப்படுபவர் அந்த வீக்கு வெளியே நிற்கிறார். உங்களை விருந்துக்கு அழைத்தவரிடம் முதலாவதைக் கேட்டால் அவரும் சேர்ந்து உட்காருவார். இரண்டாவதைக் கேட்டால் தலையசைத்துவிட்டு நிற்பார்.

ஷால் இன்றைய பேச்சில் பெரும்பாலும் தன்மைக் கேள்விக்கு உரியது. ‘ஷால் ஐ ஓப்பன் தி விண்டோ?’ என்றால் ‘நான் திறக்கட்டுமா?’. அதையே முன்னிலைக்கு மாற்றும்போது ஷால் நிற்காது. ‘வில் யூ ஓப்பன் தி விண்டோ?’ என்று வில் வந்துவிடும். மே என்ற சொல்லும் இப்படி ஆள் பார்த்து நடக்கும். ‘மே ஐ’ என்றால் அனுமதி கேட்பது. ‘யூ மே கோ’ என்றால் அனுமதி தருவது. அதைத் தரும் அதிகாரம் பேசுபவருக்கு இருக்க வேண்டும், மேலாளரைப் பார்த்து நீங்கள் சொல்லக்கூடாது. ‘ஹீ மே கம்’ என்றால் பெரும்பாலும் ஊகம், ‘அவர் வந்தாலும் வரலாம்’. ‘மே யூ’ என்று தொடங்கினால் அது கேள்வியே அல்ல, வாழ்த்து: ‘மே யூ லிவ் லாங்’, நீ நீடூழி வாழ்க. மேலே சொன்ன வியங்கோள் இங்கே ஆங்கில உடையில் வந்து நிற்கிறது.

மஸ்ட் இன்னும் கூர்மையானது. ‘ஐ மஸ்ட் கால் மை மதர்’ என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட கடமை. ‘யூ மஸ்ட் கால் யுவர் மதர்’ என்றால் கட்டளை, அல்லது மிக வலுவான அறிவுரை. பெரியவரிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் ‘யூ ஷுட்’ என்று தணிக்கலாம். ஆனால் ‘யூ மஸ்ட் ஈட் வித் அஸ்’ என்று விருந்தினரிடம் சொன்னால் அது அன்பு. நாம் ‘சாப்பிட்டுத்தான் போக வேண்டும்’ என்று வற்புறுத்துவோமே, அதே தொனி. ‘ஷீ மஸ்ட் பி டயர்ட்’ என்பதில் கட்டளையே இல்லை. ‘களைத்துப் போயிருப்பாள்’ என்ற உறுதியான ஊகம்.

‘ஹாவ் டு’ என்பதும் ‘வேண்டும்’தான், ஆனால் அது ஒன்பதில் ஒன்றல்ல; அதனால் ஆளுக்கேற்ப மாறும். ‘ஐ ஹாவ் டு கோ’, ‘ஷீ ஹாஸ் டு கோ’. கேள்விக்கு ‘டூ’, ‘டஸ்’ உதவியும் கேட்கும். பேசுபவரின் மனத்திலிருந்து எழும் கட்டாயத்துக்கு மஸ்ட் பொருந்தும். விதி, நேரம், மேலாளர் என்று வெளியிலிருந்து வரும் கட்டாயத்துக்கு ஹாவ் டு இயல்பு.

கூடாது வேறு, தேவையில்லை வேறு

மறுப்பில் ஒரு சிறு தவறு பெரிய விளைவைத் தரும். ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்றால் ‘நீ வரக்கூடாது’. ‘யூ நீட் நாட் கம்’ அல்லது ‘யூ டோன்ட் ஹாவ் டு கம்’ என்றால் ‘நீ வரத் தேவையில்லை’, வந்தாலும் குற்றமில்லை. மஸ்ட் என்றால் ‘வேண்டும்’ என்று மட்டும் நினைவில் வைத்திருப்பவர், மஸ்ட் நாட் என்பதை ‘வேண்டியதில்லை’ என்று எடுத்துக்கொள்வார். ஒரு கட்டுமானத் தளத்தில் ‘யூ மஸ்ட் நாட் என்டர்’ என்ற அறிவிப்பை அப்படிப் படித்தால் உயிருக்கே ஆபத்து. இந்த ஒரு வேறுபாட்டையாவது கையோடு எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கேன் என்பதோடு நாட் சேரும்போது எழுத்தில் ஒரே சொல்லாக, இடைவெளி விடாமல் எழுதுவது வழக்கம். வில் நாட் சுருங்கி ‘வோன்ட்’ ஆகும். மற்றவை எளிது.

‘கேன் லா!’

சிங்கப்பூரில் இருந்துகொண்டு கேன் என்ற சொல்லைப் பற்றிப் பேசும்போது உணவங்காடி நிலையத்தை ஒதுக்கிவிட முடியாது. ‘அங்கிள், லெஸ் ஷுகர், கேன்?’ ‘கேன், கேன்.’ ‘டுமாரோ கேன் ஆர் நாட்?’ ‘கேனாட் லா.’ இங்கே மூவிடப் பெயரே இல்லை, முதன்மை வினையும் இல்லை. ஒற்றைத் துணைவினை முழு வாக்கியமாகிவிட்டது. மலாயில் ‘போலே’ என்று ஒரே சொல்லில் கேட்டுப் பதிலும் சொல்லலாம். சீனத்திலும் அப்படியே. தமிழில் ‘முடியுமா?’ ‘முடியும்.’ நான்கு அதிகாரத்துவ மொழிகளில் மூன்று இந்த வழியில் நடக்கும்போது, நான்காவதான ஆங்கிலமும் இந்த ஊரில் அவற்றோடு சேர்ந்து நடக்கக் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

அரசாங்கம் 2000ஆம் ஆண்டில் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தைத் தொடங்கியபோது, உலகெங்கும் புரியும் ஆங்கிலத்தை மக்கள் பேச வேண்டும் என்பதே நோக்கம். கோப்பிக் கடையில் ‘கேன்’ என்பதே மிகச் சரியான ஆங்கிலம் என்று நான் நினைக்கிறேன். அங்கே ‘குட் ஐ பாசிப்ளி’ என்று தொடங்கினால் பின்னால் நிற்பவர்கள்தாம் காத்திருக்க வேண்டும். ஆனால் வங்கிக்கோ பிள்ளையின் பள்ளிக்கோ எழுதும்போது விடுபட்ட பெயரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ‘கேன் சேஞ்ச் டேட்?’ என்பதில் யார் மாற்றுவது என்றே தெரியவில்லை. ‘கேன் ஐ சேஞ்ச் தி டேட்?’ என்றால் நான் மாற்றிக்கொள்ளலாமா. ‘குட் யூ சேஞ்ச் தி டேட்?’ என்றால் நீங்கள் மாற்றித் தர முடியுமா. பதில் எழுதுபவர் செய்ய வேண்டிய வேலையே வேறுபடுகிறது.

ஒப்பந்தத்தில் வரும்போது

பேச்சில் தன்மையோடு ஒட்டிக்கொண்ட ஷால், வாடகை ஒப்பந்தத்தில் படர்க்கையோடு வரும்: ‘தி டெனண்ட் ஷால் பே’. இதற்கு ‘வாடகைதாரர் செலுத்துவார்’ என்று பொருள் கொள்ளக்கூடாது. ‘செலுத்தியே ஆக வேண்டும்’. ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1653இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் இதற்கு ஒரு விதி சொன்னார். தன்மையில் ஷால் என்றால் வெறும் எதிர்காலம், வில் என்றால் உறுதிமொழி. முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழ்: வில் வெறும் எதிர்காலம், ஷால் கட்டாயம். முடிவிலியைக் குறிக்கும் சாய்ந்த எட்டு வடிவக் குறியீட்டைக் கணிதத்துக்குத் தந்தவரும் இவர்தான். இன்றைய பேச்சில் அந்த விதியை யாரும் பின்பற்றுவதில்லை. எல்லாருக்கும் வில் போதும். சட்ட மொழியில் மட்டும் படர்க்கை ஷாலின் கட்டாயம் நிலைத்துவிட்டது.

வேலைக்கு வந்தவர்களுக்கு இது வெறும் இலக்கணம் அல்ல. சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியர்களுக்கு, 2016 ஏப்ரல் முதல் முக்கிய வேலை நிபந்தனைகளை முதலாளிகள் எழுத்தில் தர வேண்டும். அந்தத் தாளிலும் அதோடு வரும் ஒப்பந்தத்திலும் மூன்று சொற்களைத் தேடிப் பாருங்கள். ‘யூ மஸ்ட்’ அல்லது ‘தி எம்ப்ளாயீ ஷால்’ என்று இருந்தால் நீங்கள் செய்தாக வேண்டியது. ‘தி எம்ப்ளாயர் மே’ என்று இருந்தால், முதலாளி ஒருவேளை செய்யக்கூடும் என்ற ஊகமாக அதைப் படிக்கக்கூடாது. செய்ய அவருக்கு உரிமை உண்டு என்று பொருள். ‘யூ மே நாட்’ என்று வந்தால் அது ‘செய்யாமலும் இருக்கலாம்’ அல்ல, ‘செய்யக்கூடாது’. ஒரு வரி எந்தப் பொருளில் நிற்கிறது என்று தெளிவாகவில்லையென்றால், கையெழுத்திடும் முன் அதன்மேல் விரலை வைத்து இப்படிக் கேளுங்கள்: ‘குட் யூ எக்ஸ்ப்ளெயின் திஸ் லைன் டு மீ?’